கம்ப்யூட்டர் அறையின் சாவி யாரிடம்?

பெங்களூரின் கிழக்குக் கோடியில் இருக்கும் வைட்ஃபீல்ட், 1882இல் ஆங்கிலோ இந்தியர்களுக்கான விவசாயக் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர். மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் நிலம் கொடுத்தார். முன்னின்று நடத்திய டி.எஸ். ஒயிட்டின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு அங்கே சொல்லிக்கொள்ளும்படியாக எதுவும் நடக்கவில்லை. 1994இல் இந்தியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து டெக்னாலஜி பார்க் கட்டத் தொடங்கியதும் நிலைமை மாறியது. திராட்சைத் தோட்டங்களும் ஓட்டு வீடுகளும் போய்க் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. 2023இல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது.

அந்தக் கட்டடங்களின் நிழலில்தான் அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே படிப்பவர்கள் சாஃப்ட்வேர் என்ஜினீயர்களின் பிள்ளைகள் அல்ல. அந்த என்ஜினீயர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிகளைக் கட்டியவர்கள், வாசலில் காவல் இருப்பவர்கள், உள்ளே பாத்திரம் தேய்ப்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகள். ஒரே வகுப்பில் வீட்டுமொழி தெலுங்கு, தமிழ், ஹிந்தி, ஒரியா, வங்காளி என்று பலவாக இருக்கும். பாடமொழி கன்னடம், அல்லது அண்மைக் காலமாக ஆங்கிலம். உலகம் முழுக்கப் பயன்படும் சாஃப்ட்வேரை எழுதும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு, பின்னக் கணக்கைப் புரிய வைக்க அதே தொழில்நுட்பம் உதவுகிறதா? எளிய கேள்விதான். இதற்குப் பதில் தேடிய கதை மட்டும் நீளமானது.

கதை கம்ப்யூட்டருக்கு முன்பே, டெலிவிஷனில் ஆரம்பிக்கிறது. 1975 ஆகஸ்டில் அமெரிக்காவின் நாசா இரவல் கொடுத்த ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளின் மூலம் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு டி.வி. நிகழ்ச்சிகள் போயின. கர்நாடகமும் அவற்றில் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஒளிபரப்பு இருந்தது. ஒரு வருடம் ஆனதும் இரவல் கெடு முடிந்தது, ஒளிபரப்பும் நின்றது. 1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. 2004 செப்டம்பரில் இஸ்ரோ கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோளை ஏவியபோது, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்து ஆரம்பப் பள்ளிக் கூரைகளில் டிஷ் ஆன்டெனாக்கள் முளைத்தன.

மூன்று திட்டங்களுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. பாடம் எங்கோ தயாராகி மேலிருந்து வந்தது. வகுப்பில் இருந்த ஆசிரியருக்கு மிஞ்சியது சுவிட்சைப் போடும் வேலை மட்டும். பிள்ளைகளைப் பெயர் சொல்லித் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

இந்தப் போக்கின் உச்சம் 2000க்குப் பிறகு வந்த கம்ப்யூட்டர் அறைகள். கர்நாடகம் 'மாஹிதி சிந்து' என்ற திட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தது. 2004இல் மத்திய அரசின் திட்டமும் சேர்ந்துகொண்டது. பல மாநிலங்கள் பின்பற்றிய வழி, தனியார் கம்பெனியிடம் ஒப்பந்தமாக விட்டுவிடுவது. கம்பெனியே கம்ப்யூட்டர், யு.பி.எஸ்., மேஜை நாற்காலி எல்லாம் போட்டு, தன் ஆள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துச் சில ஆண்டுகள் நடத்தும். கெடு முடிந்ததும் பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில் அந்த ஒப்பந்த இளைஞரின் சம்பளம் சொற்பம், பள்ளிக்கும் அவருக்கும் ஒட்டு உறவு குறைவு. 'எம்.எஸ். வேர்டு என்றால் என்ன' என்பது தனிப் பாடமாக நடந்தது. கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியையும் அந்த அறைக்குள் கால் வைக்க வேண்டிய காரணமே இருக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த நாளில் கம்ப்யூட்டர்களும் கிழடாகியிருக்கும், யு.பி.எஸ். பேட்டரி உயிரை விட்டிருக்கும், நடத்தத் தெரிந்த ஆளும் போயிருப்பார்.

பிறகு பூட்டு. அரசுப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறை ஏன் எப்போதும் பூட்டியே கிடக்கிறது என்று கேட்பவர்கள் தலைமை ஆசிரியரின் ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும். அதில் எழுதிய ஒவ்வொரு பொருளுக்கும் அவர் பொறுப்பு. ஒரு மானிட்டர் களவு போனால் போலீஸ் புகார், விளக்கக் கடிதம், ஓய்வூதியம் வாங்கும்போது தலைவலி. பிள்ளைகள் தொட்டுக் கெடுத்துவிட்டாலும் கிட்டத்தட்ட அதே கதிதான். பயன்படுத்தாமல் கெட்டுப்போனால் மட்டும் யாரும் கேட்பதில்லை. இப்படி ஒரு கணக்கில், சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் தலைமை ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமில்லை.

தனியார் தர்மமும் இந்த வழியில் நடந்து பார்த்தது. விப்ரோ அதிபர் அஜிம் பிரேம்ஜி 2001இல் பெங்களூரில் தொடங்கிய அறக்கட்டளை, ஆரம்ப ஆண்டுகளில் கம்ப்யூட்டர் வழிக் கற்றலில் பெரும் ஊக்கம் காட்டியது. பாடங்களை விளையாட்டாகச் சொல்லும் குறுந்தகடுகள் தமிழ் உட்படப் பல மொழிகளில் தயாராகி, ஆயிரக்கணக்கான அரசுப் பள்ளிகளுக்குப் போயின. பணத்துக்கோ சாஃப்ட்வேர் திறமைக்கோ அங்கே குறைவில்லை. சில ஆண்டுகள் கழித்து அந்த நிறுவனம் தானே அந்த வேலையைக் கைவிட்டது. 2010இல் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த அனுராக் பெஹர் பத்திரிகையில் பகிரங்கமாகவே எழுதினார்: கம்ப்யூட்டர் மோகம் பள்ளிக் கல்வியின் உண்மையான பிரச்சினைகளிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அறக்கட்டளை ஆசிரியர் பயிற்சியின் பக்கம் திரும்பியது. கம்ப்யூட்டரால் சம்பாதித்த பணத்தில் நடக்கும் நிறுவனம் இதைச் சொன்னது, சொல்லப்பட்ட கருத்துக்குக் கூடுதல் எடை கொடுத்தது. இந்தியாவில் தோற்ற திட்டத்துக்கு இப்படித் திறந்த இரங்கல் குறிப்பு எழுதுகிறவர்கள் குறைவு.

அப்படியானால் கம்ப்யூட்டரால் பிள்ளைகளுக்குப் பலனே இல்லையா? அப்படிச் சொல்லவும் முடியாது. குஜராத்தில் நடந்த இரண்டு ஆய்வுகள் இங்கே முக்கியம். வடோதராவில் மாநகராட்சிப் பள்ளிகளின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேராக, கணக்கு விளையாட்டுகள் கொடுக்கப்பட்டன. கணக்கு மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. திட்டம் நின்றதும் அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி கரைந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் இதை 2007இல் வெளியிட்டார்கள். இருவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றவர்கள். அவர்களுடன் இருந்த லீ லிண்டன், கியான் ஷாலா என்ற அமைப்பின் பள்ளிகளில் இன்னொரு சோதனை செய்தார். சில பள்ளிகளில் ஆசிரியரின் பாட நேரத்தை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். மற்றவற்றில் பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தார்கள். சாஃப்ட்வேர் ஒன்றேதான். முதல் வகைப் பிள்ளைகள் வழக்கமாகக் கற்றிருக்கக்கூடியதைவிடக் குறைவாகக் கற்றார்கள். இரண்டாம் வகையினர் கூடுதலாகக் கற்றார்கள், அதிலும் பின்தங்கியிருந்தவர்களே அதிகம் பயன் பெற்றார்கள். அந்தப் பள்ளிகளில் ஆசிரியர் ஏற்கெனவே நன்றாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவரை அகற்றிவிட்டு உட்காரவைத்த கருவி நஷ்டத்தைத்தான் கொடுத்தது.

தில்லியில் கார்த்திக் முரளிதரனும் சக பொருளாதார நிபுணர்களும் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. மாலை நேர மையங்களில் 45 நிமிடம் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற சாஃப்ட்வேர், 45 நிமிடம் சிறு குழுவாக ஆள் வைத்துப் பாடம். நாலரை மாதத்தில் கணக்கிலும் ஹிந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய தகவல் வேறு. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. ஆசிரியரோ ஆறாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை முடித்தாக வேண்டும். சாஃப்ட்வேர் செய்த காரியம், ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் படியிலிருந்து கேள்வி கேட்டது. நாற்பது பிள்ளைகள் நாற்பது படியில் நிற்கும் வகுப்பில் எந்த மனிதராலும் அது கடினம்.

கர்நாடகத்தில் வேறு ஒரு பாதையும் போடப்பட்டது. பெங்களூரின் 'ஐ.டி. ஃபார் சேஞ்ச்' என்ற தொண்டு நிறுவனம் மாநிலக் கல்வி ஆராய்ச்சித் துறையுடன் சேர்ந்து 2011 முதல் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. கம்ப்யூட்டர் ஆசிரியர்களுக்கு அல்ல, பாட ஆசிரியர்களுக்கு. விலையில்லாத, யாரும் நகலெடுக்கலாம் என்ற சாஃப்ட்வேரில் அவர்களே பாடப் பொருள் தயாரித்துப் பகிர்ந்துகொண்டார்கள். இதற்கு முன்னோடி கேரளம். 2001இல் அங்கே தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் ஒப்பந்தக் கம்பெனியை நம்பவில்லை. அரசு ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாக்கியது. மெஷின் மக்கர் செய்தால் திறந்து பார்க்கும் அளவுக்குத் தேறியவர்கள் பள்ளிக்குள்ளேயே இருந்தார்கள். 2018இல் அந்த மாநிலம் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜக்டரும் கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றை இயக்கத் தயாராக ஒரு படை இருந்தது. தமிழ்நாடு 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களின் கையிலேயே லேப்டாப்பைக் கொடுத்தது. அதன் வழி வேறு, நோக்கமும் வேறு.

ஆசிரியர் கையில் கருவி கிடைத்தால் வகுப்பில் என்ன நடக்கிறது? வைட்ஃபீல்ட் மாதிரியான ஒரு புறநகர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை ஒருவர் முக்கோணம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 டிகிரி. கரும்பலகையில் அவரால் மூன்று முக்கோணம் வரைய முடியும், அதற்குள் மணி அடித்துவிடும். ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் உருவாக்கிய 'ஜியோஜீப்ரா' என்ற இலவச சாஃப்ட்வேரில் அவர் ஒரே முக்கோணத்தை வரைகிறார். ஒரு முனையை மவுஸால் பிடித்து இழுக்கிறார். ஒல்லியாகிறது, குண்டாகிறது, சாய்கிறது. மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன, கூட்டுத்தொகை மட்டும் அசையவில்லை.

இதுவரை வித்தை. பாடம் இனிமேல்தான். ஒரு பையன் எழுந்து, "மிஸ், 64.33, 58.34, 57.34. கூட்டினால் 180.01 வருதே?" என்கிறான். சாஃப்ட்வேர் கோணங்களை இரண்டு தசமத்துக்குச் சுருக்கிக் காட்டுவதால் அப்படி வரும். அதை 'மெஷின் தப்பு' என்று ஒதுக்குகிற ஆசிரியையும் உண்டு. தோராயம் என்றால் என்ன என்று அங்கேயே பத்து நிமிடம் ஒதுக்குகிறவரும் உண்டு. இன்னொரு பெண், "முனையை அடிக்கோட்டுக்கே இறக்கிட்டா?" என்று கேட்கிறாள். இறக்கிப் பார்க்கிறார்கள். இரண்டு கோணம் பூஜ்யமாகி, மூன்றாவது 180ஆகப் படுத்துவிடுகிறது. அது இன்னும் முக்கோணமா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடுகிறது. கரும்பலகையில் இந்தக் கேள்வி எழுவது அபூர்வம், ஏனென்றால் சாக்பீஸில் வரைந்த கோடு நகராது.

ஆனால் ஆயிரம் முக்கோணத்தை அளந்தாலும் அது நிரூபணம் ஆகாது. மேல் முனை வழியாக அடிப்பக்கத்துக்கு இணைகோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று காட்ட வேண்டும். அதற்குச் சாக்பீஸே போதும். கடைசி பெஞ்சில் இன்னும் விழிக்கிற பிள்ளைக்கு, காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளைக் கிழித்து ஒரு கோட்டில் ஒட்டிக் காட்டினால் போதும். செலவு பத்துப் பைசா. எந்த இடத்தில் மவுஸ், எந்த இடத்தில் சாக்பீஸ், எந்த இடத்தில் கிழிந்த காகிதம் என்று முடிவு செய்வது அந்த ஆசிரியையின் தொழில். டெண்டர் விட்டு வாங்கக்கூடிய சரக்கல்ல.

மொழி விஷயமும் இப்படித்தான். தர்மபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளை கன்னட வகுப்பில் 'த்ரிபுஜ' என்ற சொல்லைக் கேட்டு முழிக்கும். முக்கோணம் திரையில் நகர்வதைப் பார்க்க மொழி தேவையில்லை. 2017இல் வந்த மத்திய அரசின் 'தீக்ஷா' தளத்தில் பல மொழிப் பாடங்கள் இருப்பதால், அதே பாடத்தைத் தமிழில் ஒரு தடவை கேட்க வைக்கவும் வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சிக்கல் கணக்கில் இல்லை, சொல்லில்தான் என்று முதலில் யாராவது கண்டுபிடித்தாக வேண்டும்.

2020இல் கொரோனா பள்ளிகளை மூடியபோது எல்லாத் தத்துவங்களும் ஒரே நாளில் சோதனைக்கு வந்தன. வைட்ஃபீல்டின் தனியார் பள்ளிகள் சில வாரங்களில் ஆன்லைனுக்குத் தாவின. அந்த ஜூனில் கர்நாடக அரசு, சின்ன வகுப்புகளுக்கு ஆன்லைன் பாடம் கூடாது என்று தடை போட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. பெற்றோரும் டாக்டர்களும் பத்திரிகைகளில் மோதிக்கொண்டார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டை வேறு கிரகத்தில் நடந்தது போல இருந்திருக்கும். ஆகஸ்டில் அவர்களுக்காக 'வித்யாகம' வந்தது. பிள்ளைகளை அரசு மூன்று கற்பனை அறைகளாகப் பிரித்தது: கருவி எதுவுமே இல்லாதவர்கள், சாதாரண செல்போன் உள்ளவர்கள், இன்டர்நெட்டோடு ஸ்மார்ட்போன் உள்ளவர்கள். அந்தந்த அறைக்கு ஏற்றபடி ஆசிரியர்கள் தொடர்புகொள்ள வேண்டும். நடைமுறையில் அவர்கள் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்னார்கள். தொற்று பயத்தில் அக்டோபரில் திட்டம் நிறுத்தப்பட்டு, 2021 ஜனவரியில் மீண்டும் தொடங்கியது. வகுப்பறையில் பல ஆண்டுகளாக இருந்துவந்த பிரிவினையை ஓர் அரசு ஆணை முதன்முறையாக இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்தது என்பது வித்யாகமவின் எதிர்பாராத பலன்.

அதே காலத்தில் மறுமுனையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கண்ணூர்க்காரரான பைஜு ரவீந்திரன், தானே நல்ல ஆசிரியர் என்று பெயரெடுத்தவர், பெங்களூரில் 2011இல் தொடங்கிய கம்பெனி 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புக்கு ஏறியது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குப் போனது.

இப்போது கருவி பற்றாக்குறை பழைய அளவுக்கு இல்லை. 2024ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வின்படி, கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஸ்மார்ட்போன் இயக்கத் தெரியும். ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, பெரியவர்களிடம் எடுத்தால் கணக்கு இன்னும் மோசமாக இருக்கும். வெளிநாடுகளிலும் யோசனை ஓடுகிறது. 2023இல் யுனெஸ்கோ கல்வித் தொழில்நுட்பம் பற்றி எச்சரிக்கையான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் சுவீடன் அச்சுப் புத்தகங்களுக்கு மீண்டும் பணம் ஒதுக்கியது. சுவீடனில் புத்தகம் திரும்பிவருகிறது என்ற செய்தியைக் காட்டி இங்கே கம்ப்யூட்டரே வேண்டாம் என்பவர்கள், அங்கே ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏற்கெனவே இரண்டும் இருந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியரின் கையில் தொழில்நுட்பம் இன்று அதிகமாக என்ன செய்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வருகைப் பதிவு, மதிய உணவு சாப்பிட்டவர்கள் எண்ணிக்கை, மாணவர் விவரம், பயிற்சி முடித்த சான்று என்று ஒவ்வொன்றையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். கர்நாடகத்தில் எஸ்.ஏ.டி.எஸ்., தமிழ்நாட்டில் எமிஸ். நெட்வொர்க் கிடைக்காத நாளில் பாட நேரம் அதில் கரைகிறது. ஆசிரியர் சங்கங்கள் பல முறை முறையிட்ட விஷயம் இது. சொந்தச் செல்போன், சொந்த டேட்டா என்பதும் அவர்கள் குறைகளில் ஒன்று. பாடம் நடத்த வந்திருக்க வேண்டிய கருவி, பாடம் நடந்ததற்குக் கணக்கு எழுத வந்திருக்கிறது.

2016-17இல் கர்நாடகம் தொழில்நுட்பம் வழிக் கற்பித்தலுக்கெனத் 'டால்ப்' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஒப்பந்த ஆளைவிட்டு அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் பக்கம் வந்தது. சரியான திசை. சிக்கல், பயிற்சி ஆளுக்கு, கம்ப்யூட்டர் பள்ளிக்கு. கவுன்சலிங்கில் ஆசிரியைக்கு மாற்றல் கிடைத்தால் அவர் புரொஜக்டர் இல்லாத ஊருக்குப் போகலாம். அவர் இருந்த பள்ளிக்கு ஜியோஜீப்ரா பெயரே கேள்விப்படாதவர் வரலாம். போகும்போது ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தயாரித்த பாடங்களை அடுத்து வருபவருக்கு ஒரு பென் டிரைவில் கொடுத்து, இரண்டு நாள் உடனிருந்து சொல்லித்தர விதி எதுவும் இல்லை. சிலர் ஞாயிற்றுக்கிழமை வந்து அதையும் செய்துவிட்டுப் போகிறார்கள்.